ஜெலட்டினும் வேண்டாம், அதற்கு மாற்றும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த 'அடுப்பில்லா சீஸ்கேக்' செய்முறையைப் படித்தேன். தலைப்புக்குக் கீழே 'சுத்த சைவம், முட்டை சேர்க்காதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பொருட்களின் பட்டியலிலோ ஜெலட்டின் பவுடர் 12 கிராம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 'அல்லது அதே அளவு அகர் அகர்' என்று ஒரு குறிப்பு. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள் நான். ஜெலட்டின் வேண்டாம் என்று கேட்டு வருபவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி, சில சமயம் மீன் இவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் புரதம். முட்டையை விட்டுவிட்டு இதைச் சேர்த்தால் சைவம் ஆகிவிடுமா? சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் சைவம் என்று நம்பிச் சாப்பிடுகிறவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து அந்த 'அதே அளவு'. அகர் அகர் கடல்பாசியிலிருந்து வருவது, சைவம்தான், சரி. ஆனால் ஜெலட்டினைவிடப் பல மடங்கு கெட்டியாக உறையக்கூடியது. 12 கிராம் அகர் பவுடரைப் போட்டால் சீஸ்கேக் வராது, ரப்பர்தான் வரும். இரண்டும் கரைகிற விதமும் வேறு. ஜெலட்டின் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரைந்துவிடும். அகரைக் கொதிக்கவிட்டால்தான் கரையும். உறைவதிலும் அப்படித்தான். ஜெலட்டினுக்கு ஃப்ரிட்ஜின் குளிர் வேண்டும். அகரோ 40 டிகிரிக்குக் கீழே வந்ததுமே உறைய ஆரம்பித்துவிடும். உங்கள் செய்முறைப்படி குளிர்ந்த க்ரீம் சீஸில் அதை ஊற்றினால், ஊற்றிய இடத்திலேயே மணல் மணலாகக் கட்டிவிடும். எவ்வளவு அடித்தாலும் பிறகு கரையாது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. ஃப்ரிட்ஜில் வைத்து உறைய வைக்கும் சீஸ்கேக்குக்கு ஜெலட்டினும் தேவையில்லை, அதற்கு மாற்றும் தேவையில்லை. க்ரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. விப்பிங் க்ரீமிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு. குளிரில் அந்தக் கொழுப்பு இறுகும், அடித்த க்ரீமில் இருக்கும் காற்று அதைத் தாங்கி நிறுத்தும். கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால், அந்தப் புளிப்பு பால் புரதத்தை இன்னும் கெட்டியாக்கும்.

20 செ.மீ. அகலமுள்ள, பக்கம் கழலும் டின்னுக்கு நான் எடுக்கும் அளவு இது. 200 கிராம் பிஸ்கட்டைப் பொடித்து, 100 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறி, அடியில் அழுத்தி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மேலே 500 கிராம் க்ரீம் சீஸ், 100 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 300 மி.லி. விப்பிங் க்ரீம். க்ரீம் சீஸ் கட்டியாக வருவதாக இருக்க வேண்டும். டப்பாவில் வரும், ரொட்டியில் தடவுகிற வகையில் தண்ணீர் அதிகம். பலருக்கு உறையாமல் போவதற்கு அதுதான் காரணம். 'கொழுப்பு குறைந்தது' என்று எழுதியிருப்பதைத் தொடவே வேண்டாம். சீஸை வெளியே வைத்து இளகவிட்டு, சர்க்கரையோடு கட்டியில்லாமல் வரும்வரை மட்டும் அடியுங்கள். அதிகம் அடித்தால் நீர்த்துவிடும். க்ரீமைத் தனிப் பாத்திரத்தில், குளிர்ந்த நிலையிலேயே, கரண்டியைத் தூக்கினால் முனை மடங்காமல் நிற்கும்வரை அடித்து, பிறகு இரண்டையும் கரண்டியால் மெதுவாகப் புரட்டிச் சேர்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஃப்ரீசரில் வைத்து அவசரப்படுத்தினால் வெட்டும்போது ஐஸ் நெறுநெறுக்கும்.

வெயிலில் வெகுநேரம் மேசையில் இருக்கப்போகும் கேக் என்றால் மட்டும் அகர் உதவும். அப்போதும் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 2 கிராம் பவுடர் தாராளம். 100 மி.லி. பாலில் போட்டுக் கிளறியபடியே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, சற்றே ஆறியதும் குளிர் விட்ட க்ரீம் சீஸில் இரண்டு கரண்டி எடுத்து அந்தப் பாலில் கலக்குங்கள். உடனே அதை மீதிச் சீஸில் ஊற்றிக் கலந்து, கடைசியில் அடித்த க்ரீமைச் சேர்த்துவிடலாம். எலுமிச்சையை அகரோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது, பிடிப்பு போய்விடும். மேலே பச்சை அன்னாசியோ கிவியோ அடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு. அந்தப் பழங்களின் நொதி ஜெலட்டினைக் கரைத்துவிடும், அகரை ஒன்றும் செய்யாது.

இந்த அகர் ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெர்மன் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின்தான் பயன்பட்டது. வெயிலில் அது உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்றும்விடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் 1881-இல், தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மறு வருஷமே கோக் தன் காசநோய்க் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். யோசனை சொன்ன அம்மாளின் பெயரைத்தான் காணோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. சில சீஸ்களில் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ந்திருக்கும். க்ரீம் சீஸ் பெரும்பாலும் புளிக்கவைத்தே திரிக்கப்படுகிறது, ஆனாலும் சில தயாரிப்புகளில் ரென்னெட்டும் கொஞ்சம் உண்டு. லேபிளில் 'நுண்ணுயிர் ரென்னெட்' என்றிருந்தால் கவலையில்லை. மேலே தூவும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின்தான் இருக்கும், கலந்துகொள்ளும் யோகர்ட்டிலும் சில சமயம் இருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனிமேல் 'அல்லது அகர் அகர்' என்று ஓரத்தில் ஒட்டவைக்காமல் இரண்டையும் தனித்தனிச் செய்முறையாகப் போடுங்கள். பக்கத்தில் இடம் போதாது என்றால் இரண்டும் இல்லாததையே போட்டுவிடுங்கள், அதுதான் சின்னது.

இப்படிக்கு,
வீட்டில் கேக் செய்து விற்கும் வாசகி