எங்கள் வெள்ளவாய்க்காலைத் திறந்து தந்தவர்களுக்கு

மிதிவெடி அகற்றும் பணியில் நின்ற அக்காமார், தங்கச்சிமார், தம்பிமார் எல்லோருக்கும், உங்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

கிளிநொச்சி மாவட்டம் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில் மீள்குடியேறிய எங்கள் ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இந்த மடலை எழுதுகிறது. காணி கையளித்த அன்றே நன்றி சொன்னோம்தான். ஆனால் அன்று பேச்சுகள் நீண்டன. மாலை போட்டவர்களும் போடப்பட்டவர்களும் படம் எடுத்துக்கொண்டார்கள். மண்ணைக் கிளறிய நீங்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றீர்கள். உங்களிடம் தனியாகச் சொல்லவேண்டியது மிச்சம் இருக்கிறது என்று அன்றிலிருந்தே சங்கத்தில் பேச்சு.

எங்கள் மண்ணின் கதை உங்களுக்குத் தெரியும்; பிறகு பிறந்த பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறோம். 2000ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைமுகாம் இராணுவத்திடமிருந்து புலிகளிடம் கைமாறிய பிறகு போர்முனை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று ஒரு கோடாக உறைந்து நின்றது. 2002 போர்நிறுத்தத்தின்போது ஏ9 வீதியால் போய்வந்தவர்கள் முகமாலைச் சோதனைச் சாவடிக்கு இரு பக்கமும் வட்டு இழந்து நின்ற தென்னைகளையும் பனைகளையும் மறந்திருக்க மாட்டார்கள். 2006 ஓகஸ்ட்டில் வீதி மறுபடி பூட்டப்பட்டது. 2009 சனவரியில் அந்தக் கோடு உடையும்வரை இரு தரப்பும் புதைத்துக்கொண்டே இருந்தார்கள். பழைய வெடிக்கு மேல் புதிய வெடி, அதற்கு மேல் மண் அணை, அதற்கு மேல் பற்றை.

மிதிவெடி என்றதும் கால் இழந்தவர்களைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் ஊரில் அது வெள்ளமாகவும் வந்தது. மாரி மழைத் தண்ணீர் கடல்நீரேரிக்குப் போகிற வாய்க்காலுக்குக் குறுக்கே மண் அணை எழுந்திருந்தது. அணையைச் சுற்றிச் சிவப்புப் பலகை. மதகைத் துப்புரவாக்க ஒருவரும் இறங்க முடியாது. இறங்க விடவும் மாட்டார்கள், அது சரிதான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வீட்டுப் படியில் ஏறி நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு ஓடித் தப்பலாம் என்றால் குறுக்குப் பாதையும் அதே பலகைக்குப் பின்னால். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றுவழியால் நடந்தோம். தண்ணீர் வற்றினாலும் பயம் வற்றாது. வெள்ளம் அரித்துக்கொண்டுவந்த மண்ணில் என்ன கிடக்கிறதோ! பாரமில்லாத பிளாஸ்டிக் வெடி சேற்றோடு இடம் மாறக்கூடும் என்று நீங்களே சொல்லித் தந்தீர்கள்.

ஆகவே முதல் நன்றி, அளவீட்டுக்கு வந்த குழுவுக்கு. எங்கள் கிழவர்களைக் கதிரையில் இருத்தி, எந்த மாடு எங்கே வெடித்துச் செத்தது, எந்தப் பங்கருக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினீர்கள். ஒரே கதையை மூன்று விதமாகச் சொல்கிறவர்கள் எங்கள் அப்புமார். நீங்கள் மூன்றையும் எழுதினீர்கள். குடியிருப்புக் காணிக்குத்தான் முன்னுரிமை, வாய்க்காலில் யாரும் வீடு கட்டப் போவதில்லை என்று ஓரிடத்தில் எங்களுக்குப் பதில் சொன்னபோது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை வரைபடத்தில் குறித்து அந்த வாய்க்கால் துண்டைப் பட்டியலில் ஏற்றியவர்களும் நீங்கள்தான். பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலர் பணிமனையிலும் அதற்காக வாதாடியவர்களுக்கும் நன்றி.

பிறகு களத்தில் நின்ற பெண்கள். உங்களில் பலர் எங்களைப் போலவே முகாமில் இருந்து வந்தவர்கள், வீட்டுக்கு ஒரே உழைப்பாளிகள். விடியற்காலையில் வாகனத்தில் வந்து இறங்கி, கனத்த கவச அங்கியும் முகக்கவசமும் போட்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து வேலை செய்தீர்கள். பீ4 என்கிற பிளாஸ்டிக் மிதிவெடியில் உலோகம் மிகக் கொஞ்சம், கருவி அதை இலகுவில் காட்டித் தராது என்று கேள்விப்பட்டபோது எங்களுக்கு நெஞ்சு அடைத்தது. அதனால்தான் அந்த றேக். தோட்டத்தில் சருகு கூட்டுகிற சாமான்! அதை நீண்ட பிடியோடு செய்து, மேல் மண்ணைச் சிறிது சிறிதாக இழுத்து வெடியை வெளிக்கொண்டுவருகிற முறை எங்கள் வன்னியிலேயே போர்நிறுத்தக் காலத்தில் வளர்ந்தது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை. சில நாள்களில் வெடிக்குப் பதிலாக எலும்பு வெளிப்பட்டது. அப்போது வேலையை நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்து, யாரோ ஒருவருடைய பிள்ளை என்ற மரியாதையோடு காத்து நின்றீர்கள். அதற்குச் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை.

களத்தின் ஓரத்தில் அம்புலன்ஸ் வண்டியோடு நாள் முழுவதும் காத்திருந்த சாரதித் தம்பிக்கும் மருத்துவ உதவியாளருக்கும் தனியாக ஒரு வரி. எங்கள் வாய்க்காலில் உங்களுக்கு வேலை வராமல் போனது. அதைவிட நல்ல செய்தி எங்களுக்கு இல்லை.

ஒரு விடயத்தில் எங்கள் சங்கத்துக்குள் வாக்குவாதம் நடந்தது. புதைத்தவர்களே வந்து இடம் காட்டியதற்கு நன்றி சொல்வதா? இராணுவத்திடம் இருந்த பதிவுகளும் வேலைக்கு உதவின. முன்னர் மறுபக்கத்தில் நின்றவர்கள் நினைவில் இருந்ததைச் சொன்னதும் உதவியது. பிள்ளையின் காலை இழந்த தாய் ஒருவர் எழும்பி, "அதுக்கு நன்றி எழுதினால் என் பெயரை வெட்டுங்கோ" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆகவே புதைத்ததை மன்னித்து ஒரு சொல்லும் இங்கே இல்லை. காட்டித் தந்ததால் அந்த வாய்க்காலில் ஒருவரும் சாகவில்லை என்பதை மட்டும் பதிந்து வைக்கிறோம். அந்தத் தாயும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வந்து அபாயக் கல்வி நடத்தியவர்களே, உங்கள் பாடம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல்லு என்று எங்கள் பிள்ளைகள் எங்களுக்கே கட்டளை போடுகிறார்கள். பழைய இரும்பு பொறுக்கப் போன இரண்டொரு பெரியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் ஏச்சு வாங்கினார்கள். குப்பைக்கு நெருப்பு வைக்க முன்னர் நிலத்தைப் பார்க்கிற பழக்கமும் உங்களால் வந்தது.

வெடி போன பிறகு அணையை வெட்டி, மதகைத் திருத்தி, வாய்க்காலைத் தூர்வாரினோம். 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயலோடு வடக்கெங்கும் மழை கொட்டியபோது எங்கள் முற்றத்திலும் தண்ணீர் ஏறியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது இறங்கிப் போனது. வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் குறுக்குப் பாதையால் நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு முன்னதாகவே எச்சரிக்கை தந்திருந்தது; அனர்த்த அவசர இலக்கமான 117க்கு அழைத்தால் பதில் கிடைத்தது. அவர்களுக்கும் நன்றி. எச்சரிக்கை கிடைத்தாலும் ஓடுவதற்குப் பாதை வேண்டுமே. அந்தப் பாதை உங்கள் றேக்கால் வந்தது.

வெளிநாட்டு அமைப்புகளான ஹலோ ட்ரஸ்ட், மாக், எங்கள் நாட்டவர்களே நடத்துகிற டாஷ், ஷார்ப், இராணுவத்தின் மனிதாபிமான மிதிவெடி அகற்றும் பிரிவு என்று வடக்கில் உழைத்த அனைவரையும் நினைக்கிறோம். பணம் தந்த நாடுகளின் மக்களுக்கும் நன்றி. 2025 சனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது உலகின் பல களங்களில் இந்த வேலை தடைப்பட்டதைக் கேட்டுக் கலங்கினோம். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றி முடிக்கவேண்டிய நாள் 2028 யூன் 1. சிவப்புப் பலகை இன்னும் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் மாரி வரும்.

வேலை முழுதும் முடிகிற நாளில் உங்களில் பலருக்குச் சம்பளம் நின்றுவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியும். முதலுதவி, வரைபடம் வாசித்தல், கட்டளைக்குக் கட்டுப்பட்டுக் குழுவாக இயங்குதல் எல்லாம் கற்றவர்கள் நீங்கள். அனர்த்த மீட்புப் பணிகளில் உங்களைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டு மாவட்டச் செயலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஊரில் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். சிங்களத்தில் வாசிக்கிற பணியாளர்களுக்காக இந்த மடலின் சிங்களப் பிரதியும் உங்கள் முகாமுக்கு வரும்.

அன்புடன்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தார்,
பச்சிலைப்பள்ளி