சொல்லாட்டி ஒறக்கம் வராது

லைப்ரரி சயின்ஸ் பிள்ளைகளுக்கு காப்பிரைட் பத்தியும், வர்ற தகவல எப்பிடி சரிபாக்கதுன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல கிளாஸ் எடுத்தேன்லா, எல்லாரும் என்னைய வாழ்த்துதாவ, ஆனா பாதி கிளாஸ் வேற ஆளுக எடுத்தது, அவியளுக்குத்தான் இந்த நன்றி.

மொதல்ல ஜெராக்ஸ் கடை அண்ணன். கடையப் பூட்டிட்டு வந்து முன் பெஞ்சுல இருந்து கேட்டாரு பாருங்க, "சாரே, பிள்ளைய முழு புக்கையும் நீட்டி அடிச்சுத் தாங்கன்னு கேக்குதுவ, அடிக்கவா வேண்டாமா?" நான் பிபிடியில மூணு ஸ்லைடு வச்சிருந்தத அவரு ஒத்த கேள்வியில முடிச்சுட்டாரு. டெல்லி யுனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை கேஸ எடுத்துச் சொன்னேன், பாடத்துக்கு வேண்டிய பகுதிய அடிச்சுக் குடுக்கது தப்பில்லன்னு 2016ல ஹைகோர்ட் சொன்னது, அதுக்காக புக்க அட்டை டு அட்டை அடிச்சு வித்தா அது வேற கதை. அண்ணன் "அப்போ பாதி நிம்மதி"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

ரிட்டயர்ட் லைப்ரரியன் ஐயா ஒருத்தர் செல்லரிச்ச புக்கு ஒண்ண துண்டுல பொதிஞ்சு கொண்டு வந்தாவ. இந்தியாவுல விலைக்கே கெடைக்காத புக்குன்னா பொது லைப்ரரி தன் உபயோகத்துக்கு 3 காப்பி வரை எடுக்கலாம், 1957 காப்பிரைட் சட்டம் 52ஆம் பிரிவுல இருக்கு. அந்தப் புக்க தொட்டுப் பாத்த பொறவு ஒருத்தனும் அந்த செக்‌ஷன மறக்கல.

எழுதுன ஆளு இறந்து 60 வருசம் வரை காப்பிரைட் உண்டுலா, அது எப்போ முடியும்னு போர்டுல கணக்கு போட்டது பிள்ளையதான். நம்ம தேரூர் கவிமணி 1954ல இறந்தாரு, கூட 60 வருசம், 2014 முடிஞ்சு 2015லேர்ந்து பொதுச்சொத்து. எழுத்தாளர் சுந்தர ராமசாமி இறந்தது 2005, அப்போ 2065 முடியணும். ஒரு பிள்ளை புக்கு அச்சான வருசத்துலேர்ந்து எண்ணிட்டு அதுவே சிரிச்சுது.

குளச்சல் மாமாவுக்கும் நன்றி. "நாளைக்கு கடல் கேறும்"னு வந்த வாட்ஸ்அப் வீடியோவ அழிக்காம வச்சிருந்து காட்டினாரு. பிள்ளைய படத்த கூகுள்ல தேடுனா பழைய வீடியோ, கடல் எச்சரிக்கை குடுக்க மத்திய அரசு நிறுவனம் இன்காய்ஸ் சைட்ல அப்படி ஒரு எச்சரிக்கையும் இல்ல.

கடைசி பெஞ்சு பையனுக்குத்தான் பெரிய கும்பிடு. "சார், உங்க மொத ஸ்லைடு படம் யாரு எடுத்தது?"ன்னான். கூகுள்ல சுட்டது, பேரு போடல. காப்பிரைட் கிளாஸ்ல! மாத்திட்டேன்டே மக்கா.

ரசவடை வாங்கித் தந்த அக்காவுக்கும் நன்றி. அண்ணே, நோட்ஸ் அடிச்ச 40 ரூவா பாக்கி திங்கக்கிழம தாரேன்.