ஜிம் வேலைக்கு வரப்போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருப்பது போகிறபோக்கில் பதில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்தத் தாமதம்.

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மகள் விரும்பிய படிப்பிலேயே சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு நடை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார். அவர் பேச்சு பின்னால் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருட அலுவலக வேலையை விட்டுவிட்டு, நாற்பது தாண்டிய வயதில் டிரெய்னர் ஆகலாமா என்று கேட்கிறாய். தாராளமாக வா. ஆனால் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாய் என்பதை முடிவு செய்துகொண்டு வா. இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை, நிலைத்தவர்களும் பாதியில் போனவர்களும் பிரிகிற இடம் அதுதான்.

புதிதாக வருகிற எல்லோரும் ஒரே கூட்டத்தின் பின்னால்தான் ஓடுகிறார்கள். வயிற்றில் கட்டு தெரிய வேண்டும், ஒரு கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று வருகிற இளைஞர்கள். அவர்கள் வருவதில் தவறே இல்லை, ஆர்வமாக வருவார்கள். ஆனால் அவர்களுக்கு நீ இல்லாவிட்டாலும் நடந்துவிடும். உடம்பு ஒத்துழைக்கிற வயசு. நாலு பேரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். உண்மையிலேயே ஒரு ஆள் பக்கத்தில் தேவைப்படுகிறவர்கள் வேறு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர், குழந்தை பெற்ற பிறகு முதுகு விட்டுப்போனவர், மாரடைப்பு வந்து டாக்டர் 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டவர், அறுபது தாண்டியவர். இவர்கள் ஜிம் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, 'இது நமக்கு இல்லை' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். நீ அவர்களுக்காக வா.

இதை வெறும் இரக்கத்தில் சொல்லவில்லை. ஜிம்மில் எல்லோரும் சொல்கிற '3 செட், 10 ரெப்' கணக்கு, அதாவது ஒரு பயிற்சியைத் தொடர்ந்து பத்து முறை செய்து, இடையில் ஓய்வெடுத்து, அப்படி மூன்று சுற்று முடிப்பது, எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுக் கிடந்த அமெரிக்க வீரர்களின் கால்களைத் தேற்றுவதற்காக, தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ டாக்டர் எடை தூக்க வைத்துப் பார்த்தார். நல்ல பலன் கிடைத்தது. முதலில் அதிக செட்கள் செய்ய வைத்தவர், 1948-ல் அதை மூன்று செட்டாகக் குறைத்தார். எடையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவது என்ற நம் தொழிலின் அடிப்படை முறை, படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பப் போய் உருப்பெற்றது. 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேரை எட்டு வாரம் எடை தூக்க வைத்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் தொடைத் தசை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தொண்ணூறில் இது முடியும் என்றால், அறுபதில் 'இனிமேல் என்ன இருக்கிறது' என்று யாரும் சொல்ல நாம் விடக்கூடாது.

என் அப்பாவையே எடுத்துக்கொள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவரால் முடியவில்லை. அங்கிருந்துதான் ஆரம்பித்தோம். உனக்கும் இது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். கையில்லாத, அசையாத நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போட்டது. நுனிக்கு வந்து உட்கார வேண்டும். பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேதான். காலை முன்னால் நீட்டிக்கொண்டே எழப் பார்ப்பார்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, மூக்கு கால்விரலுக்கு மேல் வருகிற அளவு முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது, மனசுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். பலம் சேர்வதில் பெரும் பங்கு அந்த இறக்கத்துக்கு உண்டு. முடியாதவருக்கு உட்காரும் இடத்தில் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டு. பழகப் பழகத் தலையணையை எடுத்துவிடு. 30 நொடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுவதே ஒரு முறையான சோதனை. 70 முதல் 74 வயதுக்குள் உள்ள ஆண்கள் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால் விழும் அபாயம் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், பெண்களுக்கு 10. இந்த எண்ணிக்கையை நோட்டில் குறித்து வை. கண்ணாடியில் வித்தியாசம் தெரிய மாதக்கணக்கில் ஆகும், இந்த எண் சீக்கிரமே ஏறும். ஏறுகிற எண்ணைப் பார்த்துத்தான் மறுநாளும் வருவார்கள்.

அப்புறம் படிப்பு. சர்டிஃபிகேட் இல்லாமல் இறங்காதே. ஒரு வார இறுதியில் காசைக் கட்டினால் தாளைக் கையில் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன, அவை வேண்டாம். உடற்கூறு, உடலியக்கம் இரண்டையும் ஒழுங்காகச் சொல்லித் தந்து, தேர்வும் வைத்து, இதய இயக்க மீட்பு எனப்படும் சிபிஆர் பயிற்சியும் கட்டாயம் என்கிற படிப்பாகப் பார். கையில் எடுக்கிற முதல் வேலை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு ஜிம்மில் தளத்தில் நின்று, நல்ல டிரெய்னர் ஒருவர் எப்படிக் கேட்கிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்று கவனி. நேரம்தான் பெரிய சோதனை. ஆட்கள் வருவது அவர்கள் வேலைக்குப் போகும் முன்பும் போய் வந்த பிறகும்தான். விடியலிலும் இரவிலும் நீ நிற்க வேண்டும், நடுப்பகல் வெறிச்சோடிக் கிடக்கும். அறுபது தாண்டியவர்களை நீ எடுத்துக்கொண்டால் அந்த நடுப்பகலும் நிறையும், இது நான் அனுபவத்தில் கண்டது. வருமானம் ஆரம்பத்தில் ஏறி இறங்கும். மாதச் சம்பளம் பழகின உனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும்போதே வா, வீட்டில் எல்லோரிடமும் மனசு விட்டுப் பேசிவிட்டு வா.

முதல் நாள் ஒருவர் வந்தால் எடையைத் தொடாதே, கேள்வி கேள். நெஞ்சுவலி உண்டா, தலைசுற்றல் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை விவரம் ரொம்ப முக்கியம். சிலர் ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பார்கள். எவ்வளவு சிரமப்பட்டாலும் அவர்கள் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதிகபட்ச நாடித்துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கிற கணக்கெல்லாம் அங்கே உதவாது. பயிற்சி செய்துகொண்டே பேச முடிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். புதியவரை முதல் நாளே பிழிந்து எடுத்துத் திறமையைக் காட்டுகிற டிரெய்னர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமே வருகிறது. பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வதைத்தால் அது சிதைந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் வரை பாதிக்கும். முதல் நாள் முடிந்து போகிறவர் 'இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே' என்று நினைத்துக்கொண்டு போக வேண்டும்.

இனி சாப்பாடு. நீ கடிதத்தில் அதிகம் கேட்டிருந்ததும் இதைப் பற்றித்தான். முதலில் எல்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் என்று எது இருந்தாலும் உணவுத் திட்டம் எழுதிக்கொடுப்பது உன் வேலை இல்லை, அதற்குப் படித்த உணவியல் நிபுணரிடம் அனுப்பு. அப்படி ஒருவரையும் ஒரு பிசியோதெரபிஸ்டையும் இப்போதே பழக்கம் பிடித்துக்கொள். நீ நேர்மையாக அனுப்பினால் அவர்களும் உன்னிடம் ஆள் அனுப்புவார்கள்.

மற்றவர்களுக்கு நான் டயட் சார்ட் கொடுப்பதே இல்லை. மூன்று நாள் சாப்பிட்டதை அப்படியே எழுதி வரச் சொல்வேன், எதையும் மாற்றாமல். சமீபத்தில் ஒரு அம்மா எழுதி வந்ததைச் சொல்கிறேன். காலையில் டீயும் பிஸ்கட்டும். மதியம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது போக மிச்சம் இருந்த சோறு. சாயங்காலம் மறுபடி டீ, பிஸ்கட். ராத்திரி பசியில் நிறைய. 'எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை' என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். தாளில் தெரிந்ததோ, பகல் முழுக்க அரைப்பட்டினி. நான் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் முட்டையோ பருப்போ தயிரோ ஒன்று, மதியத் தட்டில் காய் பாதி, அதுவும் அவருக்கு முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். இவ்வளவுதான். ராத்திரிப் பசி தானாகவே அடங்கிவிட்டது.

எண்களும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும், உப்பு 5 கிராமுக்குள். உடற்பயிற்சி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமானது, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான அளவு. எடை தூக்குகிறவருக்கு 1.6 கிராம் வரை போனால் பலன் உண்டு, அதற்கு மேல் தசைக்குப் பெரிய லாபம் இல்லை. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதையும் சேர்த்துப் பார், புரோட்டீன் பவுடர் விற்கிறவர்கள் ஏன் இவ்வளவு எளிதில் ஆளைப் பிடிக்கிறார்கள் என்று புரியும். பவுடர் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் நீ விற்காதே, கமிஷன் வாங்காதே. வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து நீ சொல்கிற எந்த அறிவுரையையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

யாராவது 'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ' என்று வந்தால் மினசோட்டா பரிசோதனையைச் சொல்லு. 1945-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்குச் சுமார் 1,600 கலோரி மட்டும் ஆறு மாதம் கொடுத்தார், கூடவே நடக்கவும் வைத்தார். எடை கால்வாசி போனது. கூடவே அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். பட்டினி போட்டால் மனசு அங்கேதான் போகும், அது அவர்கள் குற்றம் இல்லை. கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2019-ல் வெளியிட்ட ஆய்வும் உனக்குப் பயன்படும். 20 பேருக்கு இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்தது. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது. ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டு வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பது இதனால்தான்.

இன்னொன்று, '21 நாளில் பழக்கமாகிவிடும்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. லண்டனில் செய்து 2010-ல் வெளியான ஆய்வில் ஒரு பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை ஆகியிருக்கிறது, நடுவான அளவு 66. இருபத்திரண்டாம் நாள் இன்னும் சிரமமாக இருக்கிறதே என்று ஒருவர் நின்றுவிட்டால், அந்தப் பொய் வாக்குதான் அவரை நிறுத்தியிருக்கும்.

உன் வயசைக் குறையாக எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுபது வயதுக்காரர் இருபது வயதுப் பையனிடம் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது' என்று சொல்லக் கூச்சப்படுவார். உன்னிடம் சொல்வார். நீ வருடக்கணக்கில் மேஜை முன்னால் உட்கார்ந்து கழுத்துவலியோடு வீட்டுக்குப் போனவன். அலுவலகக்காரர்களின் உடம்பு உனக்குத் தெரியும்.

வேலையை உடனே விட வேண்டாம். படிப்பைச் சாயங்காலத்தில் ஆரம்பி. அம்மாவுக்குக் கண் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அந்த நாற்காலிப் பயிற்சியை அவர்களிடமே தொடங்கு. இப்போதைக்குக் குனிவதோ பாரம் தூக்குவதோ கூடாது, நினைவிருக்கட்டும். எத்தனை முறை எழுந்தார்கள், எங்கே திணறினார்கள் என்று குறித்து எனக்கு அனுப்பு. எந்தப் படிப்பில் சேரலாம் என்று நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்றின் பாடத்திட்டத்தையும் சேர்த்து அனுப்பு, உட்கார்ந்து படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்