14-ஆம் நம்பர் ட்ராம்

ஆம்ஸ்டர்டாம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறாய். குளிர் போய்விட்டது, மழைதான் போகவில்லை. கொட்டுகிற மழையிலும் ஊரே சைக்கிளில் போகிறது. எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, பயலைக் காப்பகத்தில் விட ட்ராம்தான். அங்கே மத்தியானம் ரொட்டியும் சீஸும். சோறு கேட்டு அழுதவன் இப்போது வீட்டிலும் ரொட்டி கேட்கிறான்!

நாங்கள் போவது 14-ஆம் நம்பர். வழியில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில், ஒரு பழைய நாடகக் கொட்டகை. தினமும் பார்த்தும் அது என்னவென்று கேட்டதில்லை. போன வாரம் எதிரே இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் போனேன். அதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் 1942-இல் யூதர்களைப் பிடித்து அந்தக் கொட்டகையில்தான் அடைத்தார்கள். அங்கிருந்து வெஸ்டர்போர்க் முகாம், அப்புறம் ரயிலில் போலந்தில் இருந்த கொலை முகாம்கள். சின்னப் பிள்ளைகளை மட்டும் எதிர்ப்பக்கக் காப்பகத்தில் வைத்தார்கள். அதை நடத்தியவர் ஹென்ரியெட் பிமென்டல், அறுபது தாண்டிய யூத அம்மாள். கொட்டகை நிர்வாகம் வால்டர் சூஸ்கிண்ட் என்ற யூதரிடம் இருந்தது.

அங்கன்வாடிப் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்து எழுத நேர்ந்தாலே உனக்குத் தூக்கம் வராது. சூஸ்கிண்டும் கூட இருந்தவர்களும் பிள்ளையின் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அம்மா. கணக்கில் இல்லாத பிள்ளையை யார் தேடப்போகிறார்கள்? ஆனால் பெற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். எங்கே போகிறது, யார் வளர்ப்பார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல முடியாது. பலர் மாட்டேன் என்றார்கள். கொடுத்த தாய் முகாமுக்குக் கிளம்பும்போது துணியில் சுற்றிய பொம்மையை அணைத்துக்கொண்டு போவாளாம், காவலாளி குழந்தை என்று நினைக்கட்டும் என்று. அதைப் படித்ததும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

காவல் நின்றது கொட்டகை வாசலில். ட்ராம் வந்து நடுவில் மறைக்கும் சில விநாடிகளுக்குள் பிள்ளையோடு வெளியே வந்து, ட்ராமை ஒட்டியே ஓடி, அடுத்த நிறுத்தத்தில் ஏறிவிடுவார்கள். கைக்குழந்தை என்றால் முதுகுப்பையில், துணிக்கூடையில். பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தோட்டத்துக்கு வேலிக்கு மேலாகவும் கைமாற்றினார்கள். பள்ளித் தலைவர் யோஹான் வான் ஹுல்ஸ்ட் அதற்குத் துணை நின்றார். இப்போதைய அருங்காட்சியகம் அந்தப் பள்ளிதான். இப்படி ஏறத்தாழ 600 பிள்ளைகள் தப்பி, முன்பின் தெரியாதவர் வீடுகளில் வேறு பெயரில் வளர்ந்தார்கள்.

பிமென்டல் அம்மாளை 1943-இல் ஆஷ்விட்ஸ் என்ற அந்தப் போலந்து முகாமில் கொன்றார்கள். சூஸ்கிண்ட் குடும்பத்தில் மனைவி, மகள் யாரும் மிஞ்சவில்லை. அவரும் திரும்பவில்லை.

வான் ஹுல்ஸ்ட் 107 வயது வரை இருந்தார். 1943 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் காப்பகத்தைக் காலி செய்த அன்று ஏறத்தாழ நூறு பிள்ளைகள் இருந்தார்களாம். அவர் காப்பாற்றிக் கூட்டிப்போனது 12 பேரை. ஏன் 13 இல்லை என்று கிழவயதிலும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

சாயங்காலம் நீ பிள்ளைகளைத் தலையைத் தொட்டு எண்ணி அனுப்புவாயே, ஒருவன் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து. நேற்று ட்ராமிலிருந்து இறங்கும்போது பயலை அப்படித் தொட்டுப் பார்த்தேன். "என்னம்மா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

சரி, ஊறுகாய் அனுப்ப வேண்டாம், போன தடவையே பாட்டில் உடைந்து வந்தது. காலுக்கு டாக்டரைப் பார்.

உன் மகள்