பாடத்திட்டக் குழுவுக்கு, நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கிலப் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். முதுகலை இலக்கியக் கோட்பாட்டுத் தாளுக்கு வரும் கல்வியாண்டிலும் அதே பெரிய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்புதான் பாடநூல் என்று உங்கள் சுற்றறிக்கை போன வாரம் கல்லூரிக்கு வந்தது. 'ஆசிரியர்களின் கருத்தறிந்து' என்று அதில் ஒரு வரி. எந்த ஆசிரியர்கள் என்று தெரியவில்லை. மலைமேல் இருக்கும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை; நாங்களாக எழுதி அனுப்பியதற்கும் பதில் இல்லை. அதனால்தான் நாலு பேர் பார்க்க இதை எழுதுகிறேன்.

நூலின் தரம் பற்றி எனக்கு வாதமே இல்லை. பிளேட்டோ தொடங்கி இன்றுவரை உள்ள பெரிய பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. பக்கம் 2,500க்கு மேல். ஆய்வு மாணவர் மேசையில் இருக்க வேண்டிய நூல். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெரிதாவின் பெயரையே முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைகளிடம் அதை 'அறிமுகம்' என்று நீட்டுகிறோம்.

எங்கள் நூலகத்தில் அதற்கு ஒரே பிரதி. விலை சில ஆயிரம் என்பதால் வீட்டுக்குத் தரமாட்டார்கள். நூலகரைக் குறை சொல்ல முடியாது; தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஜெராக்ஸ். அந்த நூலை ஒருமுறையாவது ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தாள் அவ்வளவு மெல்லிசு, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாக விழும். முதுகு அவ்வளவு தடிமன், கண்ணாடியில் படியவே படியாது. உள்ளோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு. இடப்பக்கத்து வரிகளின் கடைசிச் சொற்கள் எல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய்விடும். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல், அதிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைனிலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, வரும் மாணவி, மொழியியலாளர் சோசூர் எழுதிய பகுதியை அப்படித்தான் வைத்திருந்தாள். வரி முடிவில் 'சிக்னிஃபை' என்று நிற்கிறது. "மேம், இது சிக்னிஃபையரா, சிக்னிஃபைடா?" என்று கேட்டாள். கட்டுரையே குறிக்கும் ஒலிவடிவம், குறிக்கப்படும் கருத்து என்ற அந்த இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றியதுதான்! பக்கம் முழுக்கப் பென்சிலால் ஊகித்து நிரப்பியிருந்தாள், பாதி இடங்களில் ஒன்றுக்கு மற்றொன்றை. சோசூரின் அந்த நூலே, அவர் இறந்தபின் மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளைக் கொண்டு 1916இல் வெளியானது. ஜெனீவாவில் அவரிடம் படித்த மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வாத்தியார் சொன்ன வாக்கியம் கடைசிவரை அவர்கள் காதில் விழுந்தது.

சொந்தமாக வாங்கலாமே என்பீர்கள். அவள் அம்மாவின் ஒரு வாரக் கொழுந்துக் கூலி அதற்குப் போதாது. நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கலாமே என்றால், கூடலூர் பஸ் போய்விடும். அடுத்ததில் போனால் யானை நிற்கும் பாதையில் இருட்டில் நடக்க வேண்டும். ஆடி மழையில் நடுவட்டம் ரோட்டில் மரம் விழுந்துவிட்டால் அந்தப் பஸ்ஸும் இல்லை.

கேட்பது ஒன்றுதான்: மாணவர் கையில் வாங்கி, பையில் வைத்து, பஸ்ஸில் படிக்கக்கூடிய ஒரு சிறிய அறிமுகத் தொகுப்பு. பதினைந்து கட்டுரை போதும். ஒவ்வொன்றுக்கும் முன்னால், எழுதியவர் யார், எதை மறுத்து எழுதினார் என்று ஒரு பக்கக் குறிப்பு. பின்னால், அந்தக் கோட்பாட்டை வைத்து ஒரு கவிதையையோ கதையையோ வாசித்துக் காட்டும் இரண்டு பக்கம்.

இது ஒன்றும் நடக்காத காரியமில்லை. ஆங்கில விமர்சகர் டேவிட் லாட்ஜ் 1988இல் தொகுத்த கோட்பாட்டு நூலில் ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்குறிப்பு உண்டு. கால வரிசையில் ஒன்று, பொருள் வரிசையில் ஒன்று என இரண்டு பொருளடக்கமும் உண்டு. பீட்டர் பேரி 1995இல் எழுதியது தொகுப்பல்ல, கோட்பாடுகளை அறிமுகப்படுத்தும் கையேடு. ஆனால் இந்த வகை விமர்சகர்கள் ஒரு கவிதையையோ கதையையோ என்ன செய்வார்கள் என்று அவர் அத்தியாயம்தோறும் பட்டியல் போட்டு, செய்தும் காட்டுகிறார். அதைப் படித்த பிள்ளை மூலக் கட்டுரைக்குப் பயப்படாது. பதிப்புரிமை தடுக்கிறதா? பாடம் நடத்துவதற்காகக் கட்டுரைகளைத் திரட்டி நகலெடுத்துத் தர சட்டத்தில் இடமிருக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016லேயே சொல்லியிருக்கிறது.

இப்போது என்ன நடக்கிறது? நூலை யாரும் படிப்பதில்லை. உங்கள் தேர்வால் உண்மையிலேயே பயனடைந்தவர் கைடு போடுகிறவர்தான். அவருக்கு என் வாழ்த்துகள். அந்தக் கைடில் கோட்பாடுகளுக்கு இவ்வளவுதான் இடம்: டீகன்ஸ்ட்ரக்‌ஷன் மூன்று வரி, ஃபெமினிசம் நான்கு வரி. கேள்வியும் அதற்குத் தோதாகவே வருகிறது. எழுத்தின் பொருளை எழுதியவரை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று வாதிடும் 'ஆசிரியரின் மரணம்' கட்டுரையை விளக்கச் சொன்ன கேள்விக்கு, ஒரு விடைத்தாளில் அதன் ஆசிரியர் ரோலான் பார்த் 1980இல் பாரிஸில் வேன் மோதி இறந்த விவரம் விரிவாக எழுதப்பட்டிருந்தது. கைடில் வாழ்க்கைக் குறிப்பு மட்டும்தான் புரிந்ததாம். சிரித்தேன், மதிப்பெண் போடும்போது சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவ்வளவு பெரிய நூலை வைத்தும் எங்கள் தாளில் தொல்காப்பியருக்கு இடமில்லை. விமர்சகர் ஜி.என். தேவி 2002இல் தொகுத்த இந்திய இலக்கிய விமர்சன நூலில் நாட்டிய சாஸ்திரப் பரதருக்கு அடுத்தபடியாகத் தொல்காப்பியர் இருக்கிறார். ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்தபோது எழுதிய பின்னுரை, திணையின் முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்குள்ள உயிர்களும் பொருள்களும்), உரி (உணர்வு) மூன்றையும் ஆங்கில வாசகருக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறது. குறிஞ்சிக்குப் பொழுது கூதிர் என்ற குளிர்காலமும் யாமம் என்ற நள்ளிரவும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை, ஐப்பசி ராத்திரியில் லைன் வீட்டுக்கு வெளியே வந்து நின்றவர்கள் அவர்கள். அங்கே தொடங்கினால் சோசூருக்குப் போவது எளிது: ஒரு பூ எப்படி ஒரு உணர்வைக் குறிக்கும் அடையாளமாகிறது என்பதுதானே இரண்டு இடத்திலும் கேள்வி?

ருஷ்ய மாயக்கதைகளின் அமைப்பை ருஷ்ய ஆய்வாளர் ப்ராப் 1928இல் பிரித்துக் காட்டினார் என்று நடத்துகிறேன். நல்லது. 1930களில் மொழியியலாளர் எமனோ இதே மலையில் தங்கி, இங்குள்ள பழங்குடியினரான தோடர்களின் பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். இணை இணையாக வரும் வழக்கமான தொடர்களைக் கொண்டு அவர்கள் பாட்டுக் கட்டும் விதத்தை உலகத்துக்குச் சொன்னார். தோடர்களின் குடியிருப்புகளான அந்த மந்துகள் எங்கள் கல்லூரியிலிருந்து பார்வைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பாடத்திட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று குழுதான் சொல்ல வேண்டும்.

குழுவில் மலைக் கல்லூரிகளிலிருந்து ஒருவர்கூட இல்லை. கூட்டம் சமவெளியில் நடக்கும், முடிவு எங்களுக்குத் தபாலில் வரும். நீங்கள் மேலே வருவது மே மாத மலர்க் கண்காட்சிக்கு. அதற்கும் இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, பாவம். என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதச் சம்பளமே கிடையாது என்பது வேறு கதை. மன்னியுங்கள், பேச்சு எங்கோ போய்விட்டது.

அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இந்தத் தாளின் பாடநூலை மறுபடி சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெரிய தொகுப்பு பார்வை நூலாக இருந்துவிட்டுப் போகட்டும். பாடநூலாக ஒரு சிறிய அறிமுகத் தொகுப்பை வையுங்கள். எந்தெந்தக் கட்டுரை என்று கேட்டால், இங்கே கற்பிக்கும் நாங்கள் சேர்ந்து பட்டியல் தருகிறோம், முன்குறிப்புகளும் எழுதித் தருகிறோம். அதற்கு மதிப்பூதியம் வேண்டாம். சுற்றறிக்கையை மட்டும் ஜூன் மாதத்துக்கு முன்னால் அனுப்புங்கள். மழை தொடங்கிவிட்டால் புத்தகப் பார்சல் மேலே வந்து சேர நாளாகும்.

இப்படிக்கு,
கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
ஆங்கிலத் துறை,
நீலகிரி மாவட்டம்