வலது கால் பூட்ஸ்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. தம்பி வியாழக்கிழமை கிள்ளானுக்கு வருகிறான், அவனிடம் 300 வெள்ளி பணம் கொடுத்து அனுப்புகிறேன். அது உனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடப் புது பூட்ஸ் வாங்க. வேறு எதற்கும் எடுக்காதே. சீட்டிலும் போட்டுவிடாதே.

பழசே நல்லாத்தான் இருக்கு என்பாய். தீபாவளிக்கு வந்தபோது உன் பூட்ஸை வழக்கம்போல நான்தான் துடைத்து வைத்தேன். வலது கால், வெளிப்பக்கம், கணுக்கால் எலும்புக்கு நேராகத் தோல் தேய்ந்து தையல் நூல் தெரிகிறது. படியில் உரசிவிட்டது என்றாய். சரிம்மா. தோட்டத்து வொர்க்‌ஷாப்பிலேயே காலம் தள்ளினவன் நான். படி உரசினால் எப்படி இருக்கும், தார் ரோடு உரசினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகின்றன. நான் ஒன்றும் கேட்கவில்லை. புதுசு வாங்கு என்றுதான் சொல்கிறேன்.

அப்படித் தேய்ந்ததை இனி நம்பக்கூடாது. கணுக்காலுக்கு இரண்டு பக்கமும் உள்ளே கெட்டியாக ஒரு மூடி வைத்துத் தைத்திருப்பார்கள். அதில் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. தையல் விட்ட இடத்தில் அடுத்த தடவை தோல் பிரிந்துகொண்டு போகும். உன் பெரியப்பா மகன் கணுக்கால் என்ன ஆயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் அன்றைக்குப் போட்டிருந்தது சிலிப்பர்.

வாங்கப் போகும்போது சாயங்காலமாகப் போ. அந்த நேரம்தான் கால் கொஞ்சம் உப்பி இருக்கும். சாக்ஸோடு போட்டு நடந்து பார், குதிகால் உள்ளே தூக்கக்கூடாது. உள்பக்க லேபிளில் ஈஎன் (EN) 13634 என்று இருக்கிறதா பார், அது மோட்டார் சைக்கிள் பூட்ஸுக்கான ஐரோப்பியத் தர எண். அதோடு நாலு எண் வரும். முதல் எண் உயரம். குட்டை பூட்ஸ் என்றால் அங்கே 1தான் இருக்கும், அதற்காக வேண்டாம் என்று வைத்துவிடாதே. மற்ற மூன்றும் தோல் தேயாமல் தாங்குவது, வெட்டுப்படாமல் தாங்குவது, குறுக்கே நசுங்காமல் நிற்பது. அங்கெல்லாம் 2 இருந்தால் நல்லது. அடிப்பாகத்தை இரண்டு ஓரமும் பிடித்து அமுக்கிப் பார், சுலபமாக வளைந்தால் வேண்டாம். கயிறு கட்டுகிற மாடல் என்றால் முடிச்சை உள்ளே செருகிவிடு. கால்மிதியில் மாட்டிக்கொண்டால் சிக்னலில் கால் ஊன்ற முடியாது.

முழங்கால்வரை வருகிற நீளமான பூட்ஸ் இன்னும் பாதுகாப்புதான். ஆனால் நீ ஃபேக்டரியில் நாள் பூராவும் படி ஏறி இறங்குகிறவள். இந்த வெக்கையில் அதைக் கொஞ்ச நாள் போடுவாய், அப்புறம் வீட்டு மூலைக்குப் போய்விடும். அதனால்தான் குட்டை என்கிறேன். ஃபேக்டரியில் கொடுத்த சேஃப்டி ஷூ போதும் என்று மட்டும் சொல்லாதே. அதில் இரும்பு விரலுக்கு முன்னால்தான் இருக்கிறது. மேலே சாமான் விழுந்தால் விரலைக் காக்கும், மோட்டார் சாய்ந்தால் கணுக்காலுக்கு அது ஒன்றும் செய்யாது.

மழையில் ரெயின்கோட் கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விடு. உள்ளே செருகினால் தண்ணீரெல்லாம் பூட்ஸுக்குள்தான் இறங்கும். நனைந்தால் பேப்பர் திணித்து நிழலில் காயவை. வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.

நீ ஃபேக்டரியில் தரம் பார்க்கிற கியூசி சூப்பர்வைசர் ஆனதை டவுனில் நான் சொல்லாத ஆள் இல்லை. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போன பிள்ளை, ஃபெடரல் ஹைவேயில் தானே மோட்டார் ஓட்டி வேலைக்குப் போகிறாள் என்று சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. அந்தப் பிள்ளைதான் பசார் மாலாம் இரவுச் சந்தைக்கு ஜப்பான் சிலிப்பரில் மோட்டார் எடுக்கிறாள் என்று தம்பி சொல்கிறான். பக்கத்தில்தானே என்று நினைக்காதே பாப்பா. பக்கத்துக் கடைக்குப் போகிற ரோடும் தார் ரோடுதான். புதுசு வாங்கு, அதற்கும் அதையே போட்டுக்கொண்டு போ.

இன்னொன்று. ஹெல்மெட்டையும் மாற்றிவிடு. தலை எங்கேயும் இடிக்கவில்லை என்றால் சரி. இடித்திருந்தால் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அமுங்கினதோடு சரி, பழையபடி வராது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். சிரிம் (SIRIM) என்கிற மலேசியத் தர ஸ்டிக்கர் இருக்கிறதாகப் பார்த்து வாங்கு. அதற்குப் பணம் போதாது என்றால் தம்பியிடம் சொல், நான் போட்டுவிடுகிறேன்.

படி ஏறும்போது இடது காலை முதலில் வைத்து, வலதை அப்புறம் இழுத்து ஏறினாய். அம்மா பார்க்கவில்லை. நான் அவளிடம் சொல்லவும் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீ ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு. எடுத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. அம்மா ஃபோனுக்கு வேண்டாம், என் ஃபோனுக்கு.

அப்பா