கிராக்கோவ் (போலந்து): நாளைய சுற்றுலா

உறுப்பினர்களுக்கு வணக்கம். நாளை காலை பழைய நகரச் சதுக்கத்தில் சந்திக்கிறோம். 1257இல் வகுக்கப்பட்ட இடம்; ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 200 மீட்டர். ஆகவே ‘சதுக்கத்தில் நிற்கிறேன்’ என்று மட்டும் செய்தி அனுப்பாமல், புனித மரியாள் தேவாலய வாசலுக்கே வந்துவிடுங்கள். மணிக்கொரு முறை அதன் கோபுரத்திலிருந்து எக்காளம் ஒலிக்கும்; பாதியில் சட்டென்று நின்றுவிடும். பழுது இல்லை. தாத்தாரியர் (மங்கோலியப் படையினர்) படையெடுப்பில், ஊதிக்கொண்டிருந்த காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். கதைதான், ஆனாலும் கேட்கும்போது சிலிர்க்கிறது. பிறகு வாவெல் கோட்டை.

மதியம் வியெலிச்கா உப்புச் சுரங்கம். மொத்தம் 800 படிகள், மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். உப்பிலேயே குடைந்த புனித கிங்கா தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். சுவரை நக்கிப் பார்ப்பது அவரவர் விருப்பம். போன முறை நான் பார்த்துவிட்டேன், உப்புதான்.